சுரங்கம் மூடும் நாளுக்கான ஒப்புதல்

நிலக்கரிச் சுரங்கக் கழிவு, நிலமீட்பு, அரசின் கையெழுத்து: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

 

நிலக்கரி என்றதும் எவ்வளவு மின்சாரம் என்று ஒரு தரப்பும், எவ்வளவு புகை என்று இன்னொரு தரப்பும் பேசுகின்றன. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் நிலக்கரி எரிவதற்கு வெகு முன்பே, அதைத் தோண்டிய இடத்தில் மலைபோல ஒன்று குவிந்துவிடுகிறது. மேலிருந்து அகற்றிய மண், வெடிவைத்து உடைத்த பாறை, நிலக்கரியைக் கழுவி ஒதுக்கிய கரிச்சேறு. நிலக்கரி ரயிலேறிப் போய்விடும். இவை ஊரிலேயே தங்கிவிடும். இவற்றை எங்கே கொட்டலாம், எவ்வளவு உயரம் கொட்டலாம், பிறகு அந்த நிலத்தை யார், எவர் பணத்தில் மீட்டுத் தர வேண்டும் என்பதற்கு அரசு ஒப்புதல் தரும் முறை ஒன்று உலகில் உருவாகியிருக்கிறது. அது எப்படி உருவானது, எங்கே பயன்பட்டது, எங்கே தோற்றது என்பதே இன்றைய பேச்சு.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். ஒரு சுரங்கத்துக்கு ஒப்புதல் தருகிறவர், அது மூடப்படும் நாளுக்கும் சேர்த்தே ஒப்புதல் தருகிறார். அந்த நாளுக்கான வரைபடமும் பணமும் முதல் நாளே மேசைமேல் இல்லையென்றால், அவர் கையெழுத்திடக் கூடாது.

கழிவின் இயல்பு

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகையை எட்டுவதற்கு முன் அதன் மேலுள்ள அத்தனை மண்ணையும் பாறையையும் அகற்ற வேண்டும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் கூடுதலான மேல்மண்ணை வெட்டி அகற்றுகிறார்கள். உடைந்த பாறை பழைய இடத்துக்குள் அடங்காது. இடையிடையே காற்று புகுந்து அதன் பருமன் கூடிவிடும். ஆகவே குழியை முழுவதும் நிரப்பினாலும் மிச்சம் வெளியே நிற்கும். முதல் குழி வெட்டும்போது நிரப்புவதற்கு வேறு குழியும் இருக்காது. அதனால்தான் எந்தச் சுரங்கமும் ஒரு மண்மேட்டோடு பிறக்கிறது.

இரண்டாவது வகை, நிலக்கரி கழுவும் ஆலையிலிருந்து வருவது. கல்லும் களிமண்ணும் கலந்த பருங்கழிவு ஒரு பக்கம். நுண்ணிய கரித்தூளும் தண்ணீரும் கலந்த குழம்பு இன்னொரு பக்கம். குழம்பைத் தேக்க அணை வேண்டும். பல இடங்களில் அந்த அணையையும் பருங்கழிவைக் கொண்டே கட்டுகிறார்கள். கழிவுப் பாறையில் இரும்புச் சல்பைடு கனிமம் இருந்தால், காற்றும் மழைநீரும் பட்டு அமிலம் கசியத் தொடங்கும். சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் ஓடையில் செம்பழுப்பு நீர் ஓடும்.

கழிவுமேடு ஒரு பொறியியல் கட்டுமானம். அதற்கு அடித்தளம் உண்டு, எடை உண்டு, உள்ளே நீர் உண்டு. இதை அரசுகள் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. அதற்கு விலையாகப் போனவை உயிர்கள்.

அபர்வான், 1966

தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் அருகே அபர்வான் என்ற சுரங்க ஊர். மெர்தர் வேல் சுரங்கத்தின் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மேடுகளாகக் கொட்டினார்கள். ஏழாவது மேடு 1958இல் தொடங்கியது. அதற்கு இடம் பார்த்தவர்கள் மலையில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்தார்கள். துளையிட்டு அடிமண்ணைச் சோதிக்கவில்லை. அங்கே ஊற்றுகளும் ஓடையும் இருப்பதை அரசின் நில அளவை வரைபடமே காட்டியது, அதையும் பார்க்கவில்லை. பின்னர் நுண்கழிவும் அதே மேட்டில் சேர்ந்தது. 1963இல் அந்த மேடு ஒருமுறை சரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டுவது ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் எழுதிய கடிதங்கள் கோப்பில் இருந்தன.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. காலையில் மேட்டின் உச்சிக்குப் போன தொழிலாளர்கள், அது பத்தடி அளவுக்கு உள்வாங்கியிருப்பதைக் கண்டார்கள். கிரேன் ஓடும் தண்டவாளத்தின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தது. மேட்டில் தொலைபேசி இல்லை. ஒருவர் கீழே இறங்கிப் போய்ச் சொன்னார். அவர் கொண்டுவந்த பதில்: இன்று கொட்ட வேண்டாம், கிரேனைப் பின்னுக்கு நகர்த்துங்கள், புது மேட்டுக்கு அடுத்த வாரம் இடம் பார்க்கலாம். அவர் திரும்பி வருவதற்குள் உச்சி இருபதடி இறங்கியிருந்தது. ஒன்பதே கால் மணியளவில் மேடு நீராகக் குழைந்து மலையிலிருந்து பாய்ந்து, பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் புதைத்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 76 நாட்கள் அமர்ந்தது. 1967 ஆகஸ்ட் 3 அன்று வந்த அதன் அறிக்கை, பொறுப்பு முழுவதும் தேசிய நிலக்கரி வாரியத்தினுடையது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அன்றைய பிரிட்டனில் சுரங்கத்தின் உள்ளே தூண் எப்படி நிற்க வேண்டும், காற்று எப்படி ஓட வேண்டும் என்பதற்கெல்லாம் நுணுக்கமான விதிகள் இருந்தன. வெளியே நிற்கும் கழிவுமேடு நிலைத்து நிற்குமா என்று கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. ஏழாவது மேட்டுக்கு யாரும் ஒப்புதல் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, தரவும் வேண்டியிருக்கவில்லை. கழிவுமேடுகளுக்கான தனிச்சட்டம் 1969இல்தான் வந்தது.

பணத்தின் கதை இதைவிட வேதனையானது. மிச்சமிருந்த மேடுகளையும் அகற்றுங்கள் என்று பெற்றோர்கள் மன்றாடினார்கள். அந்தச் செலவுக்கு, பலியானோர் குடும்பங்களுக்காக மக்கள் திரட்டிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்தார்கள். 1997இல்தான் அரசு அந்தத் தொகையைத் திருப்பித் தந்தது, அதுவும் வட்டியில்லாமல். வட்டிக்கும் பணவீக்கத்துக்கும் ஈடாக வேல்ஸ் அரசு 2007இல் மேலும் 20 லட்சம் பவுண்டு வழங்கியது. கழிவை அகற்றும் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்படாவிட்டால், அது கடைசியில் பாதிக்கப்பட்டவரின் மடியிலிருந்தே போகும். இதற்கு அபர்வானைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய மேடு சரிந்தது. அதன் பிறகு எண்ணிப் பார்த்தபோது வேல்ஸில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவுமேடுகள் 2,500க்கும் மேல் இருப்பது தெரிந்தது. அவற்றைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியது. சுரங்கங்கள் போய்விட்டன, மேடுகள் மக்களின் வரிப்பணத்தில் காவல் காக்கப்படுகின்றன.

பஃபலோ கிரீக், 1972

அபர்வான் அறிக்கை வந்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில், லோகன் மாவட்டத்தில் பஃபலோ கிரீக் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அதன் தலைப்பகுதியில் ஒரு நிலக்கரி நிறுவனம் கழிவுப் பாறையைக் கொட்டியே அணைகள் எழுப்பி, ஆலையின் கரிநீரைத் தேக்கியிருந்தது. மூன்றாவது அணை முன்பே படிந்திருந்த கரிச்சேற்றின் மேல் நின்றது. மிகைநீர் வழிந்தோட முறையான மதகு இல்லை; 24 அங்குலக் குழாய் ஒன்றுதான் இருந்தது.

பிப்ரவரி மழையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனது. நான்கு நாட்களுக்கு முன்புதான் மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர் ஒருவர் அணையைப் பார்த்து, நிலைமை திருப்தி என்று பதிவு செய்திருந்தார். 1972 பிப்ரவரி 26 அன்று காலை எட்டு மணியளவில் அணை உடைந்தது. ஏறத்தாழ 50 கோடி லிட்டர் கரிநீர் பள்ளத்தாக்கில் இருந்த சுரங்கக் குடியிருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாரிச் சென்றது. 125 பேர் இறந்தார்கள். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அணையின் உரிமையாளரான நிறுவனம் இதைக் கடவுளின் செயல் என்றது.

அபர்வானில் விதியே இல்லை. பஃபலோ கிரீக்கில் ஆய்வாளர் இருந்தார், பதிவேடு இருந்தது, திருப்தி என்ற சொல்லும் இருந்தது. ஆனால் அணையின் அடித்தளம் எதன்மேல் நிற்கிறது, வெள்ளம் வந்தால் நீர் எந்த வழியில் போகும் என்ற கேள்விகள் அந்தப் படிவத்துக்குள் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காத ஒப்புதல், ஒப்புதலே இல்லாததைவிட மோசமானது. கீழே வாழ்கிறவர்கள் அதை நம்பித் தூங்குகிறார்கள்.

1977இன் சட்டம்

திறந்தவெளிச் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேட்டு அப்பலாச்சிய மலை மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு 1974லும் 1975லும் இருமுறை நிராகரித்தார். 1977 ஆகஸ்ட் 3 அன்று ஜிம்மி கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார். அபர்வான் அறிக்கை வெளிவந்து அன்றைக்குச் சரியாகப் பத்தாண்டு. மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் நிலமீட்புச் சட்டம் என்பது அதன் பெயர். குறைகள் பல இருந்தாலும், நிலக்கரிக் கழிவுக்கு ஒப்புதல் தருவது எப்படி என்பதை உலகில் மிக விரிவாக எழுதிவைத்த சட்டங்களில் இதுவும் ஒன்று. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே நிலமீட்புத் திட்டத்தையும் கொடுக்க வேண்டும். சுரங்கத்துக்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது, பின்னர் எதற்குப் பயன்படும், வளமண்ணைத் தனியே எங்கே சேமிப்பார்கள், நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை உள்ளூர் நாளிதழில் தொடர்ந்து நான்கு வாரம் விளம்பரப்படுத்த வேண்டும். மக்கள் ஆட்சேபம் எழுதலாம், கூட்டம் கேட்கலாம். வேறு சுரங்கத்தில் சட்டத்தை மீறிவிட்டு அதைச் சரிசெய்யாமல் இருக்கும் நிறுவனத்துக்குப் புது அனுமதி கிடையாது. அனுமதி வந்த பின், ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி மாதம் ஒருமுறையேனும் வர வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு.

மிகைப்பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டுவதற்கான விதிகளில் பொறியியல் பேசுகிறது. மேட்டின் நிலைத்தன்மைக்கான பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் வலிமைக்கும் சரியத் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம், 1.5க்குக் குறையக் கூடாது. அடிச்சரிவு செங்குத்தாக இருந்தால், மேடு வழுக்காமலிருக்க அடிப்பாறையில் படி வெட்ட வேண்டும், அல்லது கீழ்முனையில் கல் முட்டுக் கட்ட வேண்டும். தகுதிபெற்ற பொறியாளர் காலாண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துச் சான்றளிக்க வேண்டும். இந்த விதிகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு வரி: மேட்டுக்கு அடியில் போடும் வடிகாலை, கட்டும்போதும் கட்டி முடித்த பின்னும், பாறையால் மூடுவதற்கு முன்பாக வண்ணப் புகைப்படம் எடுத்து அந்தச் சான்றோடு சேர்க்க வேண்டும். அந்த வரியை எழுதியவருக்குக் கள அனுபவம் இருந்திருக்கிறது. வடிகால் ஒருமுறை மூடப்பட்டால், மேலே நூறு அடிப் பாறை ஏறிய பிறகு, அது இருக்கிறதா இல்லையா என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. ஊற்றின்மேல் கொட்டிய அபர்வானின் பாடம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சட்டத்தின் முதுகெலும்பு பிணைத்தொகை. நிறுவனம் நாளைக்கே திவாலானால், அரசு வேறொரு ஒப்பந்தக்காரரை வைத்து அந்த நிலத்தை மீட்க எவ்வளவு செலவாகும்? அந்தத் தொகைக்கான பிணையை அனுமதிக்கு முன்பே கட்ட வேண்டும். நம் ஊரில் வீட்டுக்காரர் வாங்கும் முன்பணம் போலத்தான். காலி செய்யும்போது வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். இங்கே அது மூன்று கட்டமாகத் திரும்புகிறது. குழியை நிரப்பி, நிலத்தைச் சமன்செய்து, வடிகால் அமைத்தால் 60 விழுக்காடு வரை விடுவிக்கலாம். செடி பிடித்த பிறகு இன்னொரு பகுதி. மிச்சம் கடைசியில். மழை வளமான பகுதியில் ஐந்தாண்டும் வறண்ட பகுதியில் பத்தாண்டும் அந்தப் பசுமை நிலைத்து நின்றால்தான் கடைசித் தொகை கைக்கு வரும். ஒவ்வொரு முறை விடுவிக்கும் முன்பும் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். மீட்ட நிலத்தைப் பார்த்து ஊரார் ஆட்சேபிக்கலாம்.

சட்டம் வருவதற்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு, வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் வசூலித்து ஒரு நிதி உருவாக்கினார்கள். திறந்தவெளி நிலக்கரிக்கு அன்று டன்னுக்கு 35 சென்ட். 44 ஆண்டுகள் வசூலித்தும் போதவில்லை. 2021இல் அமெரிக்க அரசு பொதுப்பணத்திலிருந்து மேலும் 1,130 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. முன்பே வாங்காத பணத்தைப் பின்னால் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த எண் போதும்.

சட்டம் இருந்தும் தோற்ற இடங்கள்

இந்தச் சட்டத்தை நாம் அப்படியே வணங்க வேண்டியதில்லை. அது தோற்ற இடங்களிலிருந்தும் நாம் கற்க வேண்டும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, புதைந்த ஓடைகள். மலை உச்சியையே வெடித்து அகற்றி, அந்தப் பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நிரப்பும் முறை அப்பலாச்சியாவில் பெருகியது. 1985க்கும் 2001க்கும் இடையில் மட்டும் 724 மைல் நீள ஓடைகள் இப்படிப் புதைந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வு கணக்கிட்டது. ஓடைக்கு நூறு அடிக்குள் சுரங்க வேலை கூடாது என்ற விதி இருக்கும்போது, ஓடைமேலேயே கொட்ட எப்படி அனுமதிக்கலாம் என்று கேட்டு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1999இல் நீதிபதி சார்ல்ஸ் ஹேடன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2001இல் மேல்முறையீட்டு மன்றம் அதை ரத்து செய்தது. ஸ்ப்ரூஸ் என்ற சுரங்கத்துக்கு 2007இல் ராணுவப் பொறியாளர் படை தந்த அனுமதியைச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் தடுத்தது. அந்தத் தடை செல்லும் என்று உறுதியாக மேலும் ஐந்தாண்டு வழக்கு நடந்தது. ஓடைகளைக் காக்க 2016 டிசம்பரில் வந்த புதிய விதியை 2017 பிப்ரவரியில் புதிய ஆட்சி நீக்கிவிட்டது. ஒவ்வொரு மேடும் தனித்தனியே பார்த்தால் பாதுகாப்பாக நிற்கலாம். மேடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆற்றின் தலையை அறுத்துவிடுகின்றன. தனித்தனிக் கோப்பாக ஒப்புதல் தரும் முறையில் இந்த மொத்தம் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டாவது, பணமில்லாத பிணை. பெரிய நிறுவனங்களுக்கு ஒரு சலுகை இருந்தது: தங்கள் நிதிநிலையையே பிணையாகக் காட்டலாம். 2015 ஆகஸ்டுக்கும் 2016 ஏப்ரலுக்கும் இடையில் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி என்ற மூன்று பெரும் நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவால் பாதுகாப்பு கேட்டன. ஏறத்தாழ 240 கோடி டாலர் பிணை, வாக்குறுதித் தாளாக அரசின் கையில் நின்றது. பின்னர் நிறுவனங்கள் மறுசீரமைப்பு பெற்றபோது பெரும்பகுதி வேறு பிணைகளால் ஈடுசெய்யப்பட்டது. ஆனால் பிணை என்பதே நிறுவனம் விழும் நாளுக்காக வாங்குவது. அதே நாளில் நிறுவனத்தோடு சேர்ந்து விழும் பிணையால் பயனில்லை.

மூன்றாவது, ஒப்புதலுக்காக வளர்ந்த புல். மேடு சரியக் கூடாது என்பதற்காக மண்ணை இயந்திரங்களால் இறுக அழுத்தி, வேகமாகப் பரவும் புல்லை விதைத்தார்கள். பசுமை வந்தது, பிணைத்தொகை திரும்பியது. ஆனால் இறுகிய மண்ணில் மரத்தின் வேர் இறங்கவில்லை. அடர்ந்த புல் கன்றுகளை நெரித்தது. ஒரு காலத்தில் கடினமர வனமாக இருந்த மலை புல்வெளியாகத் தேங்கியது. 2004 முதல் அங்குள்ள வனவியல் அறிஞர்களும் அலுவலர்களும் வேறொரு முறையைப் பரப்பி வருகிறார்கள்: மேல் நான்கடி மண்ணை இறுக்காமல் தளர்வாகக் கொட்டுவது, கன்றோடு போட்டியிடாத புல்லை மட்டும் விதைப்பது, உள்ளூர் மரங்களை முறையாக நடுவது. காடு மீளத் தொடங்கிய இடங்கள் இப்போது உண்டு. ஒப்புதல் எதை அளக்கிறதோ அதையே நிறுவனம் வளர்க்கும். ஆகவே எதை அளப்பது என்று முடிவு செய்வதில்தான் நிலத்தின் கதி இருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் விதியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி கழிவுமேட்டின் சரிவு 37.5 பாகைக்கு மேல் போகக் கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிகளாக அமைக்க வேண்டும். அப்படியிருந்தும் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் கொட்டா மாவட்டத்தில் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண் மேடு சரிந்து, கீழே வேலை செய்துகொண்டிருந்த 23 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாகையைத் தாளில் எழுதுவது எளிது. இரவும் பகலும் லாரி கொட்டும் மேட்டில் அதை அளப்பதற்கு ஆள் வேண்டும். அளந்தவர் சொன்னால் வேலையை நிறுத்துவதற்கு அதிகாரம் வேண்டும்.

2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை தாங்க வேண்டும். கூட்டத்தை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டங்களில் வேலைவாய்ப்பு, இழப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் பற்றிய குரல் ஓங்கி ஒலிக்கிறது; ஒலிக்கவும் வேண்டும். ஆனால் மண்மேடு எந்த ஓடையின் மேல் வரப்போகிறது என்ற கேள்வியை எழுப்ப ஊர்க்காரர் கையில் வரைபடம் இருப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகஸ்டில் சுரங்க மூடல் திட்டத்துக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அது நல்ல திருப்பம். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று அன்று அளவு வகுத்து, ஆண்டுதோறும் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளரோடு சேர்ந்து தொடங்கும் எஸ்க்ரோ எனும் காப்பு வைப்புக் கணக்கில் கட்டச் சொன்னது. இறுதி மூடல் திட்டத்தைச் சுரங்கம் மூடுவதற்கு ஐந்தாண்டு முன்பே தர வேண்டும் என்றது. பிறகு வழிகாட்டுதல் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இருந்த அடிப்படை வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு சுரங்கத்தையும் தனியே பார்த்து, இதை அரசே மீட்டால் எவ்வளவு செலவாகும் என்று கேட்டது. நாம் பரப்பளவைப் பெருக்கினோம். ஒரே பரப்பில் ஐம்பது மீட்டர்க் குழியும் இருக்கலாம், இருநூறு மீட்டர்க் குழியும் இருக்கலாம். மீட்கும் செலவு ஒன்றாக இருக்காது.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைக்குத் தீவனம் கிடைக்கும்படி மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகையிலும் சுற்றுச்சூழல் அனுமதியிலும் சுரங்கத் திட்டத்திலும் நிபந்தனையாகச் சேர்க்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சுரங்கத்தால் மேய்ச்சல் நிலம் போனவர்களை நீதிமன்றம் நினைவில் வைத்திருந்தது. அந்தப் புல்லுக்கு அடியில் உள்ள மண் பல ஆண்டு கழித்தும் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது நிர்வாகத்தின் கடமை.

நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் இதே மூடல் வழிகாட்டுதல்தான். அங்கே கடினப்பாறை மலை இல்லை. மணலும் களிமண்ணும் கலந்த மேல்மண். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தபடியேதான் வெட்ட முடியும். ஆகவே அங்கே நிலமீட்பு என்றால் மேட்டில் மரம் நடுவதோடு முடிவதில்லை. நிரப்பிய குழியில் நீர் எப்படி ஓடும், சுற்றிலும் உள்ள நெல் வயலின் வாய்க்காலும் கிணறும் என்ன ஆகும், நிலம் கொடுத்தவர் பேரப்பிள்ளைக்கு உழுவதற்கு அந்த மண் திரும்புமா என்பதும் ஒப்புதலின் பகுதி ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிவுமேட்டின் இடம், உயரம், அதன் அடியில் உள்ள ஓடை, ஊற்று ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் அந்த ஊர் மக்களின் மொழியில், கருத்துக்கேட்புக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். மூடல் வைப்புத்தொகையை ஒவ்வொரு சுரங்கத்தின் உண்மையான மீட்புச் செலவை வைத்துக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அது வங்கியில் பணமாகவே இருக்க வேண்டும். மூடினால் மறைந்துவிடும் வேலைகளை, அடிவடிகாலையும் தனியே சேமித்த வளமண்ணையும், மூடுவதற்கு முன் படமெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். வைப்புத்தொகையிலிருந்து ஒரு ரூபாய் திரும்பினாலும், கிராம சபையில் அறிவித்து, ஊரார் முன்னிலையில் நிலத்தைக் காட்டிய பிறகே திரும்ப வேண்டும். பழைய சுரங்கத்தை மீட்காத நிறுவனத்துக்குப் புதுச் சுரங்கம் தரக் கூடாது. ஓர் ஆற்றுப் படுகையில் உள்ள எல்லாச் சுரங்கங்களின் மேடுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த பின்பே அடுத்த மேட்டுக்கு இடம் தர வேண்டும்.

இவற்றில் எதுவும் தொழிலுக்கு எதிரானது அல்ல. ஒரு நிறுவனம் தான் தோண்டிய நிலத்தை மீட்கும் செலவைத் தாங்க முடியாதென்றால், அந்த நிலக்கரியின் உண்மை விலை நமக்கு இதுவரை சொல்லப்படவில்லை என்றுதான் பொருள்.

மாணவர்களே, சட்டம் படிப்பவர்களும் புவியியல் படிப்பவர்களும் இந்த அவையில் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். அபர்வானில் வரைபடம் படிக்கத் தெரிந்தவரும் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. நீங்கள் சேர்ந்து உட்காருங்கள். ஒரு சுரங்கத்தின் மூடல் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எழுதியது நிலத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பார்த்ததை அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தமிழில், எண்களோடு, பதிவாகும்படி பேசுங்கள். நாளை உங்களில் சிலர் அந்தக் கோப்பில் கையெழுத்திடும் இடத்துக்கு வருவீர்கள். அன்று மேட்டுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். அது தெரியாவிட்டால், கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.